குரலை விழுங்கிய கேளையாடு

மூங்கிலும் நாவலும் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், செம்பன் என்றொரு கேளையாடு வாழ்ந்து வந்தான். பெயரில்தான் ஆடு, பார்த்தால் சின்ன மான். உடம்பு செங்கல் நிறம். தலையில் விரல் நீளத்துக்கு இரண்டு கொம்புகள். கண்ணுக்கு மேலிருந்து கொம்பு வரைக்கும் மையால் இழுத்தது போல இரண்டு கறுப்புக் கோடுகள்.

இப்படி ஒரு பிராணிக்கு என்ன குறை இருக்க முடியும் என்றுதானே கேட்கிறீர்கள், குழந்தைகளே? குறை அவன் குரலில் இருந்தது. இருந்ததாக அவன் நினைத்தான்.

சாதாரணமாகப் பேசும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் பயந்தாலோ பதறினாலோ கூச்சப்பட்டாலோ, பேச்சுக்கு முன்னால் ஒரு குரைப்பு வந்து நிற்கும். நாய் குரைப்பது போலவே இருக்கும். "பௌ!" என்று அவன் ஒரு தடவை கத்தினால் எதிர்மலையில் போய் மோதித் திரும்பி வரும். கேளையாடுகள் எல்லாமே அப்படித்தான். ஆனால் அந்தப் பக்கத்துக் காட்டில் வேறு கேளையாடு எதுவும் இல்லாததால், இது தன் ஒருவனுக்கு மட்டும் வந்த கேடு என்று செம்பன் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் காட்டின் இளவட்டங்கள் எல்லாம் அதன் அடியில் கூடும். பீலியன் என்ற மயில் தோகையை விரித்துக் காட்டுவான். நெடுவாலன் என்ற கருங்குரங்கு கிளையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கேலி செய்வான். முயல்களும் அணில்களும் கீரிகளும் வயிறு குலுங்கச் சிரிக்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் செம்பன் துணிந்து அங்கே போனான். வழி நெடுக, "வணக்கம், நான் செம்பன்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். மரத்தடிக்கு வந்ததும் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அவனைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தான்.

"பௌ!"

முயல்கள் புதருக்குள் பாய்ந்தன. பீலியன் அலறிக்கொண்டு பறந்து உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்தான். பிறகு நெடுவாலன் தலைகீழாகத் தொங்கி எட்டிப் பார்த்தான்.

"பயப்படாதீர்கள். ஏதோ ஊர்நாய் வழி தவறி வந்துவிட்டது. யாராவது ஒரு எலும்பைப் போட்டு அனுப்பிவையுங்கள்!"

அன்று எழுந்த சிரிப்பு ஓடையைத் தாண்டியும் செம்பனைத் துரத்தியது.

அதற்குப் பிறகு அவன் யாரையும் தேடிப் போகவில்லை. உண்ணிச்செடிப் புதர்களுக்கு நடுவே ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் முன்னால் நின்று பேசிப் பழகுவான். "வணக்கம். நான் செம்பன். இந்த வருஷம் நாவல் நன்றாகப் பூத்திருக்கிறது, இல்லையா?" புற்று சிரிக்காது. அதனால் அங்கே குரைப்பும் வராது.

ஒருநாள் காலையில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"புற்று என்ன சொல்கிறது?"

செம்பன் துள்ளி விழுந்தான். "பௌ!"

நின்றிருந்தவள் ஓர் இளம் புள்ளிமான். குரைப்பைக் கேட்டதும் அவள் நாலு பாய்ச்சலில் ஓடிப் போனாள். பிறகு நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்பி வந்தாள்.

"எங்கே புலி?"

"புலி இல்லை" என்றான் செம்பன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "உன்னைப் பார்த்துத்தான்..."

"என்னைப் பார்த்தா பயந்தாய்?" அவள் கண்கள் விரிந்தன. "இதுவரை இந்தக் காட்டில் ஒரு தவளைகூட என்னைக் கண்டு பயந்ததில்லை! இன்னொரு தடவை பயப்படேன், பார்க்கலாம்."

செம்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோடும் சேர்ந்து அவன் சிரித்தது அதுதான் முதல்முறை.

அவள் பெயர் தும்பை. தும்பைப் பூக்களை முதுகில் உதிர்த்துவிட்டது போல அவளுக்குப் புள்ளிகள். பசி அதிகம், பேச்சும் அதிகம். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள் என்பதால் செம்பனுக்குச் சிரமமே இருக்கவில்லை. தும்பையின் கூட்டம் பக்கத்துச் சரிவில் மேயும். அவள் மட்டும் தன் அக்கா நொச்சியிடம் சொல்லிவிட்டு, இவன் இருக்கும் பக்கம் வந்து மேய்வாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் செந்நாய்கள் வந்தன. மூங்கில் மறைவில் முதல் நாயின் காதைக் கண்டதுமே செம்பன் தொண்டையிலிருந்து குரைப்பு தானாகக் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மான்கூட்டம் முழுவதும் சிட்டாய்ப் பறந்துவிட்டது. செந்நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு திரும்பின.

சாயங்காலம் தும்பை வந்தாள்.

"தும்பை, நான் கத்தியது ரொம்ப அசிங்கமாக இருந்ததா?" என்று செம்பன் கேட்டான்.

"உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து புல்லைக் கடித்தாள்.

அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. 'அசிங்கமாக இல்லை' என்று அவள் சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டான்.

ஒவ்வொரு மாலையும் ஓடையின் மறுகரையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். செம்பன் மேய்வதை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே நிற்பான். அந்த வட்டத்தில் தனக்கும் ஓர் இடம் இருந்தால், 'வா செம்பா, ஏன் இவ்வளவு நேரம்?' என்று ஒருவராவது கேட்டால், அது எப்படியிருக்கும்? கடைசியில், தன்னை ஊர்நாய் என்று சொன்னவனையே தேடிப் போவது என்று முடிவு செய்தான்.

நெடுவாலன் பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். செம்பன் வந்ததைப் பார்த்து, "எலும்பு தீர்ந்துவிட்டது" என்றான்.

"எலும்புக்கு வரவில்லை. எனக்கு... எல்லாரோடும் பழக வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. உனக்குத் தெரியும்."

நெடுவாலனுக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தன்னை மற்றவர்கள் மெச்ச வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே ஆசை. ஊர்நாயை மானாக்கிக் காட்டினால் காடே மெச்சாதா? பாறையிலிருந்து குதித்து, செம்பனை ஒருமுறை சுற்றி வந்தான்.

"உடம்பெல்லாம் உண்ணி. நீ கடைசியாகக் குளித்தது எப்போது?"

"போன மழைக்கு நனைந்தேன்."

"நடக்கும்போது ஏன் திருடன் மாதிரிக் குனிந்து நடக்கிறாய்? தலையைத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங்! முகத்தில் இது என்ன கோடு? எப்போது பார்த்தாலும் அழப் போகிறவன் மாதிரி இருக்கிறாய். செம்மண்ணைக் குழைத்து அதன்மேல் பூசு."

செம்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"பேச்சுக்கு வா. யாரைப் பார்த்தாலும் உன்னைப் பற்றிச் சொல்லாதே. அவர்களைப் பற்றிக் கேள். முயலிடம் குட்டிகளைப் பற்றிக் கேள். பீலியனிடம் தோகையைப் பற்றி மட்டும் கேள். அவர்கள் பேசுவார்கள், நீ நல்ல பேச்சுக்காரன் என்று பெயர் வரும். புரிகிறதா?"

"புரிகிறது."

"கடைசியாக ஒன்று." நெடுவாலன் செம்பனின் தொண்டையை விரலால் தொட்டான். "இதற்குள்ளே ஒரு நாய் இருக்கிறது. அதைக் கட்டிப் போடு. பேசினால் நுனி நாக்கில் பேசு, மெதுவாகப் பேசு. குரைப்பு வருகிறது என்று தெரிந்தால் விழுங்கிவிடு. ஒரே ஒரு தடவை குரைத்தாலும் போதும், நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் வீண். மறுபடியும் நீ ஊர்நாய்தான்."

செம்பன் ஒரு மாதம் உழைத்தான். தினமும் ஓடையில் இறங்கிக் குளித்தான். வெள்ளை மணலில் புரண்டு உண்ணிகளை உதிர்த்தான். எலுமிச்சம்புல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டான். தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக்கொண்டே தலை நிமிர்ந்து நடந்து பழகினான். குரைப்பை விழுங்குவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. முதல் நாட்களில் கண்ணில் நீர் வரும், நெஞ்சு அடைக்கும். நாளடைவில் தேங்காய்க் கீற்றை விழுங்குவது போல அதுவும் பழகிப்போனது.

ஆனி பிறந்ததும் அவன் மறுபடியும் நாவல் மரத்தடிக்குப் போனான்.

"வணக்கம்" என்றான், பஞ்சு போன்ற குரலில். "பீலியா, இந்தத் தோகை போன வருஷத்தைவிட நீண்டிருக்கிறதோ?"

பீலியன் அசந்துபோனான். "கவனித்தாயா? நாலு கண் கூடியிருக்கிறது! வா, வா, இப்படி நிழலில் வந்து நில்."

அவ்வளவுதான். வட்டம் விலகி அவனுக்கு ஓர் இடம் விட்டது. முயல்கள் தங்கள் குட்டிகளைப் பற்றிச் சொல்லின. கீரி தன் பாம்புச் சண்டையைச் சொன்னது. நெடுவாலன் கிளையிலிருந்து எல்லாரையும் பார்த்து, 'எப்படி?' என்பது போலப் புருவத்தைத் தூக்கினான்.

செம்பன் அன்று வீடு திரும்பியபோது கால் தரையில் படவில்லை. அது பொய்யான மகிழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக இருந்தவனுக்குக் கூட்டம் கிடைத்தால் அந்த மகிழ்ச்சி உண்மையானதுதான்.

தும்பைக்கும் சந்தோஷம். "அடேய் செம்பா, உன் மேல் என்ன இப்படி மணக்கிறது! நடையைப் பாரேன்! எங்கள் கூட்டத்துக் கலைமான்கள் உன்னிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்" என்று அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "நேற்று நரி ஒன்று சரிவுக்குக் கீழே போயிற்று. உன் சத்தத்தையே காணோமே?" என்று கேட்டாள்.

"நரிதானே?" என்றான் செம்பன்.

"நரிதான். இருந்தாலும் குட்டிகள் இருந்தன."

"சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்திக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?"

தும்பை ஒரு கணம் யோசித்தாள். "நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஓடையின் இந்தக் கரையில் புல் காய்ந்துவிட்டது. நாவல் மரத்துக்கு அப்பால் மட்டும் பசும்புல் இருந்தது. அதற்கும் பின்னால் ஆளுயரத்துக்குக் கோரை மண்டியிருந்தது. செம்பன் மாலைதோறும் அங்கே போவதால் தும்பையும் அவனோடு வந்து, கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி மேய ஆரம்பித்தாள். அவள் புல்லைச் சவைக்கும் சத்தம் மரத்தடி வரை கேட்கும். நடுநடுவே தலையை நிமிர்த்தாமலே, "அடேய் செம்பா, இங்கே அருகம்புல் இருக்கிறதடா!" என்று கூப்பிடுவாள்.

"யார் அது, உனக்குச் சொந்தமா?" என்று நெடுவாலன் கண்ணைச் சிமிட்டினான்.

"தெரிந்தவள்" என்றான் செம்பன்.

சொன்ன பிறகு ஓரக்கண்ணால் தும்பையைப் பார்த்தான். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பீலியன், "தினமும் எங்கள் கதையையே கேட்கிறாயே செம்பா, இன்றைக்கு நீ ஒரு கதை சொல்" என்றான். எல்லாரும், "ஆமாம், ஆமாம்" என்று ஆரவாரம் செய்தார்கள். மரத்துக்கு எதிரே இருந்த தட்டைப் பாறையில் அவனை ஏற்றி நிறுத்தினார்கள். அந்தப் பாறையில் அதுவரை பீலியனைத் தவிர வேறு யாரும் ஏறியதில்லை.

செம்பன் ஏறி நின்றான். கழுவிய உடம்பு சாயங்கால வெயிலில் தாமிரம் போல மின்னியது. கீழே அத்தனை முகங்களும் அவனை நோக்கித் திரும்பியிருந்தன. நெடுவாலன்கூட மரத்திலிருந்து இறங்கி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான். மாசி மாதத்தில் இதே முகங்கள்தான் சிரித்தன. இப்போது அவன் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தன.

"ஒரு ஊரில் ஒரு தச்சன் இருந்தான்" என்று நுனி நாக்கில், மெதுவாக ஆரம்பித்தான்.

எல்லாரும் அவன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதனால் அவர்கள் அத்தனை பேரின் முதுகும் கோரைப்புல்லின் பக்கம் இருந்தது. கோரையின் ஓரத்தில் தும்பை மேய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் முகம் வைத்திருந்தவன் செம்பன் ஒருவன்தான்.

கதையில் தச்சன் மரம் வெட்டக் கிளம்பியபோது, காற்றில்லாமலே கோரை அசைந்தது.

செம்பன் பார்த்தான். கோரைத் தண்டுகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தாழ்ந்து ஊர்ந்தது. இரண்டு வட்டக் காதுகள். வாலின் நுனி ஒரு சுழிப்புச் சுழித்து அடங்கியது.

சிறுத்தை.

குரைப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் நெடுவாலனின் முகம் தெரிந்தது. 'ஒரே ஒரு தடவை போதும்' என்று அவன் சொன்னது காதில் ஒலித்தது. ஒருவேளை அது சிறுத்தையாக இல்லாவிட்டால்? வெறும் காய்ந்த சருகாக இருந்துவிட்டால்? இந்தப் பாறைமேல் நின்று, இத்தனை பேர் முன்னால் குரைத்துவிட்டால்?

பழகிய தொண்டை தன் வேலையைச் செய்தது. விழுங்கிவிட்டான்.

"அன்பர்களே" என்றான், அதே மெல்லிய குரலில். "அங்கே... கோரைப் பக்கம்... கொஞ்சம் பாருங்களேன்..."

"தச்சன் கோரைப் பக்கம் போனானா?" என்று ஓர் அணில் ஆவலோடு கேட்டது.

"சும்மா இரு. அவன் சொல்லட்டும்" என்றது முயல்.

கோரை பிளந்தது.

அலறலும் சிறகடிப்புமாக இடமே சிதறியது. குரங்கு மரத்துக்குத் தாவியது; மயில் கிளைக்குப் பறந்தது; முயல்கள் போன திசை தெரியவில்லை. செம்பன் பாறைமேல் அப்படியே நின்றான். இப்போது குரைத்தான். நிறுத்தாமல் குரைத்தான். எதிர்மலை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது.

ஆனால் சிறுத்தை அதற்குள் தும்பையைக் கோரைக்குள் இழுத்துப் போயிருந்தது. அவள் கடைசிவரை தலையைத் தூக்கவே இல்லை. வாயில் புல்லோடு போனாள்.

மறுநாள் மாலை செம்பன் நாவல் மரத்தடிக்கு வந்தான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. குளித்திருக்கவில்லை. முகத்தில் பூசிய செம்மண் உதிர்ந்து கறுப்புக் கோடுகள் தெரிந்தன.

அவனைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

"வா செம்பா, ஏன் இவ்வளவு நேரம்?" என்றான் பீலியன். "நேற்றிலிருந்து உன்னைப் பற்றித்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறோம்."

"நாங்கள் எல்லாரும் பதறியடித்து ஓடினோம்" என்றான் நெடுவாலன். "நீ ஒருவன்தான் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றாய். என்ன துணிச்சல், என்ன நிதானம்! கடைசியில் கொஞ்சம் குரைத்தாய், பரவாயில்லை. அந்த நேரத்தில் யார்தான் கத்தவில்லை? நான் உருவாக்கிய பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

செம்பன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒரு முகத்திலும் கேலி இல்லை. அவன் இத்தனை நாள் எந்த முகங்களுக்காக ஏங்கினானோ, அந்த முகங்கள். ஒருவருக்கும் தெரியாது. அவன் வாயைத் திறக்காவிட்டால் இனியும் தெரியப் போவதில்லை.

"நான் முதலிலேயே பார்த்தேன்" என்றான்.

"எதை?"

"சிறுத்தையை. அது பாய்வதற்கு முன்னாலேயே பார்த்தேன். குரைத்திருக்கலாம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று குரைக்கவில்லை."

அணில் தன் வாலைப் பார்த்துக்கொண்டது. நெடுவாலன் கிளையின் பட்டையை உரிக்க ஆரம்பித்தான்.

கடைசியில் பீலியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நடந்தது நடந்துவிட்டது. அவள் உனக்குத் தெரிந்தவள்தானே, சொந்தமா என்ன? இதை வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே. வா, இப்படி நிழலில் வந்து நில்."

வட்டம் விலகி அவனுக்கு இடம் விட்டது. செம்பன் அந்த இடத்தைப் பார்த்தான். அவனுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. 'தெரிந்தவள்' என்ற சொல்லை அவர்களுக்குக் கொடுத்தவன் அவன்தானே? திரும்பி நடந்தான்.

புள்ளிமான் கூட்டம் அந்தச் சரிவை விட்டுப் போயிருந்தது. குளம்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டு செம்பன் இரண்டு பகல் நடந்தான். மலைக்கு மறுபக்கம், ஈச்சம்புதர்களுக்கு நடுவே, அவர்களைக் கண்டான். கூட்டத்தின் ஓரத்தில் தும்பையின் அக்கா நொச்சி மேய்ந்துகொண்டிருந்தாள்.

அவளிடம் போய் நின்றான். சொல்ல வந்ததை முழுவதும் சொன்னான். பாறைமேல் நின்றதைச் சொன்னான். கோரை அசைந்ததைச் சொன்னான். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கியதைச் சொன்னான். தன் பேரில் குற்றம் குறையும்படியாக ஒரு சொல்லையும் அவன் சேர்க்கவில்லை. குரல் கரகரவென்று, அவன் சொந்தக் குரலாக இருந்தது.

நொச்சி மேய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நாங்கள் எல்லாரும் ஒரு வாய் மேய்ந்தால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம்" என்றாள். "அவளும் முன்பெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உன் பக்கம் வந்து மேய ஆரம்பித்த பிறகுதான் விட்டுவிட்டாள். நான் எத்தனையோ தடவை திட்டினேன். 'தலையைத் தூக்கிப் பாரடி, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஏதாவது ஆகிவிடும்' என்பேன். கேட்க மாட்டாள்."

"என்ன சொல்வாள்?"

"'செம்பன் பார்த்துக்கொள்வான் அக்கா' என்பாள்."

செம்பன் முன்கால்களை மடக்கி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

நொச்சி அவனைத் திட்டவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குட்டிகளுக்குப் பால் வேண்டுமென்றால் அவள் மேய்ந்தாக வேண்டும். திரும்பிக் குனிந்து ஒரு வாய் புல்லைக் கடித்தாள்.

செம்பன் எழுந்தான். நாலு பக்கமும் தெரியும் மேடாகப் பார்த்து ஏறி நின்றுகொண்டான். ஈச்சம்புதரின் ஒவ்வோர் ஓலையையும், புல்லின் ஒவ்வோர் அசைவையும் கண் இமைக்காமல் பார்த்தான். ஒரு காட்டுக்கோழி சருகைக் கிளறிய சின்னச் சத்தம் கேட்டது. உடனே, யார் சிரிப்பார்கள் என்று யோசிக்காமல், மலை அதிரக் குரைத்தான். மான்கள் துள்ளி நின்று பார்த்தன. கோழிதான் என்று தெரிந்ததும் மறுபடி மேய்ந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அன்று முழுவதும் அவன் அந்த மேட்டைவிட்டு நகரவில்லை. அவன் அங்கே நிற்கிறான் என்று நொச்சிக்குத் தெரியும். இருந்தாலும் அவள் ஒரு வாய் புல்லைக் கடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு வாய் கடித்தாள்; மறுபடியும் தலையைத் தூக்கித் தானே பார்த்துக்கொண்டாள்.

நீதி: நாலு பேர் மெச்சும்படி நடக்கவும் பேசவும் கற்றுக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று அஞ்சி, நம்மை நம்பியிருப்பவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், பிறகு எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அது ஈடாகாது.